வாதி, பிரதிவாதி, மலை

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்று நம் முன்னோர்கள் சொல்லி வைத்தார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாலும் இரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கல்யாணத்தில் சம்பந்திச் சண்டை மூண்டால் நாலு பெரியவர்கள் கூடி, இரண்டு பக்கமும் இதமாகப் பேசி, முகூர்த்தம் தப்புவதற்குள் சமாதானம் செய்துவிடுவார்கள். வீட்டுச் சண்டைக்கு அந்த மாதிரிப் பெரியவர்கள் அகப்படுவதில்லை. வீட்டுக்காரர் ஒரு பக்கம் நிற்கிறார். கண்டிராக்டர் ஒரு பக்கம் நிற்கிறார். நடுவில் பாதி போட்ட கூரை நிற்கிறது. மழை மட்டும் யாருடைய சமாதானத்துக்கும் காத்திராமல் பெய்துகொண்டிருக்கும்.

பழைய வீட்டை வாங்கிப் புதுப்பித்து, அதை வாடகைக்கோ விடுதியாகவோ விட்டு நாலு காசு பார்க்கலாம் என்று நினைக்கிறவருடைய பாடு இன்னும் கஷ்டம். புது வீட்டின் செலவை ஓரளவு காகிதத்தில் பார்த்துவிடலாம். பழைய வீட்டின் செலவோ சுவரைக் கொத்தின பிற்பாடுதான் வெளியே வரும். "இது எஸ்டிமேட்டில் இல்லையே, ஐயா!" என்று கண்டிராக்டர் சொல்வார். "இதையும் சேர்த்துத்தானே பேசினோம்!" என்று வீட்டுக்காரர் சொல்வார். இந்தச் சமயத்தில் நகராட்சியிலிருந்து ஒரு சேவகர் நோட்டீசோடு வந்து நிற்பார். அனுமதி வாங்கியது ஒன்று, கட்டியிருப்பது மற்றொன்று என்று அதில் எழுதியிருக்கும்.

இதையெல்லாம் இரண்டு பேருக்கு இடையே நடக்கும் தகராறாகவே நாம் நினைக்கிறோம். வீட்டுக்காரருக்கும் கண்டிராக்டருக்கும் ஒரு வழக்கு. வீட்டுக்காரருக்கும் சர்க்காருக்கும் மற்றொரு வழக்கு. ஆனால் கட்டட விஷயத்தில் எப்போதும் மூன்றாவது கட்சி ஒன்று உண்டு. சமவெளியில் அது அண்டை வீடு. மலையில் அது மலையேதான். மலையைச் சேர்ந்த மண், மரம், ஊற்று, இவற்றுக்குக் கீழே குடியிருக்கும் ஜனங்கள். இந்த மூன்றாவது கட்சியை மறந்தால் என்ன ஆகும் என்பதைக் கொடைக்கானலில் நடந்த ஒரு வழக்கு காட்டியது. அந்த வழக்குக்குப் போவதற்கு முன்னால், "அனுமதி" என்கிற வஸ்து நம் நாட்டில் எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்த்துவிடலாம்.

* * *

கௌடில்யருடைய அர்த்தசாஸ்திரம் பல நூற்றாண்டுகள் மறைந்து கிடந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் மைசூர்க் கீழ்த்திசை நூலகத்துக்குக் கொண்டுவந்து கொடுத்த சுவடியிலிருந்துதான் ஆர். சாமசாஸ்திரி 1909-ஆம் ஆண்டில் அதைப் பதிப்பித்தார். ராஜ தந்திரமும் ஒற்றர்களும்தான் அந்த நூலில் இருப்பதாகப் பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் வீட்டுக் கூரையின் தாழ்வாரமும் சாக்கடையும் ஜன்னலும்கூட அதில் வருகின்றன. வீடு, நிலம் பற்றிய வழக்குகளை அண்டை வீட்டாருடைய வாக்கைக் கொண்டு தீர்க்க வேண்டும் என்று அந்தப் பகுதி தொடங்குகிறது. ஒருவன் வீட்டுத் தண்ணீர் அடுத்தவன் சுவரைக் கெடுத்தால் அபராதம். அசுத்த நீராக இருந்தால் அபராதம் இரட்டிப்பு. வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் கலந்து பேசி இஷ்டப்படி கட்டிக்கொள்ளலாம். ஆனால் ஒருவருக்கொருவர் தீங்கானதைத் தவிர்க்க வேண்டும் என்றும் அது சொல்கிறது.

இங்கே அனுமதி யாரிடமிருந்து பிறக்கிறது என்று கவனியுங்கள். அரசன் அபராதம் போடுகிறான், அவ்வளவுதான். சரி, தப்பு சொல்கிறவன் பக்கத்து வீட்டுக்காரன்.

நம் தமிழ் நாட்டிலோ அனுமதிக்கு வேறு ஒரு முகமும் இருந்தது. சோழர் காலத்துச் செப்பேடுகள் சிலவற்றில், ஊரைத் தானமாகப் பெற்றவர்களுக்கு உரிய சலுகைகளின் ஜாபிதா வருகிறது. கிணறு வெட்டலாம், தென்னந்தோப்பு வைக்கலாம், சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுக்கலாம். இதை ஒரு சலுகையாகச் செப்பேட்டில் வெட்டிக் கொடுக்கிறார்கள் என்றால், அந்தச் சலுகை எல்லோருக்கும் இல்லை என்றுதானே அர்த்தம்?

பழனி மலைக்கு வடக்கே விரிந்து கிடக்கும் கொங்கு நாட்டில் இன்னும் வேடிக்கையான சாசனம் ஒன்று உண்டு. கரூர், பேரூர் முதலிய ஊர்களின் கல்வெட்டுகளில் கொங்குச் சோழ மன்னர் ஒருவர் கம்மாளர்களுக்குச் சில உரிமைகள் வழங்குகிறார். நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே போகும்போது காலில் செருப்பு அணியலாம், தங்கள் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். கம்மாளர்களில் தச்சரும் சிற்பியும் அடக்கம். ஊரார் வீட்டையும் தேவாலயத்தையும் எழுப்பிய கைகளுக்குத் தங்கள் சொந்தச் சுவரைப் பூசிக்கொள்ள ராஜாவின் அனுமதி வேண்டியிருந்தது!

ஆக, பழங்காலத்தில் அனுமதி இரண்டு ஊற்றுகளிலிருந்து வந்தது. ஒன்று அண்டை வீட்டாருக்குத் தீங்கு வராமல் காக்கும் முறை. மற்றொன்று, இன்னாருக்கு மட்டும் என்று மேலேயிருந்து இறங்கி வரும் தயவு. காகிதத்தில் எழுதினால் இரண்டும் ஒன்று போலத் தோன்றும். இரண்டிலும் முத்திரை இருக்கும், கையெழுத்து இருக்கும். நம் காலத்துச் சங்கடங்களில் பாதி, முதலாவதைக் கேட்க வேண்டிய இடத்தில் இரண்டாவதைக் கேட்டு வாங்குவதால் வருகிறவை.

* * *

கொடைக்கானல் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 7,000 அடி உயரத்தில் இருக்கிறது. 1821-ஆம் ஆண்டில் லெப்டினன்ட் வார்டு என்கிற துரை பழனி மலைகளை அளந்து எழுதினார். ஆனால் அவர் வருவதற்கு வெகு காலம் முன்பே மலையில் மனிதர்கள் இருந்தார்கள். தாண்டிக்குடியிலும் பேத்துப்பாறையிலும் உள்ள கல்திட்டைகள் அவர்களுடைய கைவேலை. பூம்பாறை, வில்பட்டி, மன்னவனூர் போன்ற கிராமங்களில் சரிவைப் படிப்படியாக வெட்டி விவசாயம் செய்தார்கள். வீடுகளை நெருக்கமாகவும் தாழ்வாகவும் கட்டினார்கள்.

துரைமார்கள் வந்தது உடம்புக்காக. மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன்காரர்களில் பலர் காய்ச்சலிலும் காலராவிலும் மாண்டு போனார்கள். முதலில் சிறுமலையில் ஒதுங்கிப் பார்த்தார்கள். அங்கும் காய்ச்சல் விடவில்லை. பிறகு பழனி மலையின் உச்சிக்கு ஏறி, 1845-இல் இரண்டு வீடுகளைக் கட்டி முடித்தார்கள். ஒன்றுக்கு ஸன்னிஸைடு என்றும் மற்றொன்றுக்கு ஷெல்டன் என்றும் பெயர். கொடைக்கானல் என்னும் உல்லாச நகரத்துக்கு அஸ்திவாரம் இந்த இரண்டு வீடுகள்தாம். 1863-இல் வியர் லெவிஞ்ச் என்பவர் ஓடையைத் தேக்கி ஏரியை உண்டாக்கினார்.

அந்தக் காலத்தில் பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை வழியாக ஏறும் ஒற்றையடிப் பாதைதான் வழி. துரைமார்களும் துரைசானிகளும் டோலியிலோ குதிரையிலோ போனார்கள். ஜன்னலுக்கு வேண்டிய கண்ணாடி, கூரைக்கு வேண்டிய தகடு, கதவுக்கு வேண்டிய கீல் எல்லாம் கூலியாட்கள் தலையில் ஏறின. இதை நினைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். அன்றைக்கு மலையில் கட்டட விதிப் புத்தகம் எதுவும் தேவைப்படவில்லை. கூலியாளின் கழுத்தே விதியாக இருந்தது. தூக்க முடிந்ததைத்தான் கட்ட முடியும். சுவருக்கு அங்கே கிடைத்த கருங்கல். உயரம் ஒரு நிலை, மிஞ்சினால் அதன் மேல் ஒரு சிறு மாடி. மலை தானாகவே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தது.

மேஜர் லா என்பவர் பெயரால் வழங்கும் மலைப்பாதை 1870-களிலேயே தொடங்கினாலும், வண்டிகள் கொடைக்கானல் வரையில் ஏறும் சாலையாக அது முடிந்தது 1914-ஆம் ஆண்டு வாக்கில்தான். அதற்குள் 1899-இல் நகராட்சியும் ஏற்பட்டுவிட்டது. சாலை வந்ததும் கூலியாளின் கழுத்துக்கு ஓய்வு கிடைத்தது. அது நல்ல காரியம். ஆனால் அந்தக் கழுத்தோடு கூட மலையின் இயற்கையான கட்டுப்பாடும் போய்விட்டது. சிமெண்டும் இரும்புக் கம்பியும் லாரியில் ஏறிவந்த பிறகு, எத்தனை மாடி வேண்டுமானாலும் எழுப்பலாம் என்று ஆயிற்று. இயற்கை விட்ட இடத்தில் சட்டம் வந்து நிற்க வேண்டியதாயிற்று.

சட்டம் நிதானமாகத்தான் வந்தது. 1971-இல் நகர் ஊரமைப்புச் சட்டம். 1990-இல் மலைப் பகுதிகளைக் காப்பதற்கென்று ஓர் ஆணையம். 1993-இல் மலை நகரங்களுக்கென்று தனிக் கட்டட விதிகள். கொடைக்கானலுக்கு ஒரு முழுமைத் திட்டமும் அதே ஆண்டில். சட்டம் வந்து சேர்வதற்குள் கட்டடங்கள் பல வந்து சேர்ந்திருந்தன.

* * *

இனி அந்த வழக்கு.

கொடைக்கானலில் "பிளஸன்ட் ஸ்டே" என்ற பெயருள்ள ஹோட்டல் ஒன்று 1990-களின் தொடக்கத்தில் எழும்பியது. "இனிய தங்கல்" என்று அர்த்தம். விதிப்படி அந்த மலை நகரத்தில் இரண்டு மாடி அளவுக்குத்தான் கட்டலாம். ஹோட்டல் ஏழு மாடியாக வளர்ந்தது. சரிவான இடத்தில் இது ஒரு பழைய தந்திரம்; சாலையிலிருந்து பார்த்தால் அடக்கமாகத் தெரியும் கட்டடம், பள்ளத்திலிருந்து பார்த்தால் கோபுரமாக நிற்கும்.

நகராட்சி தடுக்கப் பார்த்தது. விவகாரம் மேலே போயிற்று. 1994-இல் அரசாங்கம் அந்த ஹோட்டலுக்கு விதிகளிலிருந்து விலக்கு அளித்து உத்தரவு போட்டது. நாம் முன்னே பார்த்தோமே, அந்தச் செப்பேட்டுச் சலுகை இங்கே அச்சிட்ட காகிதமாகத் திரும்பி வந்தது. இன்னாருக்கு மட்டும் மாளிகை எடுக்கப் பெறுவதாகவும்!

ஹோட்டல்காரருக்கும் சர்க்காருக்கும் இப்போது வழக்கு இல்லை. இரண்டு கட்சியும் ஒத்துப்போய்விட்டன. சாதாரணமாக அதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் மூன்றாவது கட்சி கோர்ட்டுக்கு வந்தது. 1985-இல் கொடைக்கானலில் சிலர் சேர்ந்து பழனி மலைப் பாதுகாப்புக் குழு என்ற ஒன்றை அமைத்திருந்தார்கள். மரம் நடுவது, நாற்றங்கால் வைப்பது, சோலைகளைக் காப்பது என்று வேலை செய்துகொண்டிருந்தவர்கள். அவர்களுக்கு அந்த நிலத்தில் ஓர் அங்குலமும் சொந்தமில்லை. ஹோட்டலோடு கொடுக்கல் வாங்கலும் இல்லை. "அப்படியானால் உங்களுக்கு இதில் என்ன?" என்று கேட்கலாம். "நாங்கள் அண்டை வீட்டார்" என்பதுதான் அவர்களுடைய வழக்கின் சாரம்.

சென்னை ஹைகோர்ட் அந்த வாதத்துக்குக் காது கொடுத்தது. அரசாங்கத்தின் விலக்கு உத்தரவை ரத்துச் செய்தது. விதியை மீறி எழுந்த மாடிகள் இடிக்கப்பட வேண்டும் என்றது. ஹோட்டல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1995-இல் அங்கும் விலக்கு உத்தரவுக்கு உயிர் கிடைக்கவில்லை. விதியிலிருந்து விலக்களிக்கும் அதிகாரம் சட்டத்திலேயே இருக்கலாம். ஆனால் அது விதியை இல்லாமல் ஆக்குவதற்காகக் கொடுக்கப்பட்ட அதிகாரம் ஆகாது. நம் நாட்டில் சுற்றுப்புறம் பற்றிய வழக்குகளைப் படிக்கிறவர்கள் இன்றைக்கும் இந்தத் தீர்ப்பின் பெயரைச் சொல்கிறார்கள்.

கட்டட வழக்கு முடிந்தது. அதன் வயிற்றிலிருந்து குற்ற வழக்கு பிறந்தது. அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தி விலக்கு அளித்ததாக, விலக்கு உத்தரவின் காலத்தில் முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவின் மீதும் உள்ளாட்சி மந்திரியின் மீதும் வேறு சிலர் மீதும் வழக்குத் தொடரப்பட்டது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 2-ஆம் தேதி சென்னைத் தனி நீதிமன்றம் அவர்களைக் குற்றவாளிகள் என்று தீர்த்து, ஜெயலலிதாவுக்கு ஓராண்டுக் கடுங்காவல் தண்டனை விதித்தது. 2001 டிசம்பர் 4-ஆம் தேதி ஹைகோர்ட் அந்தத் தீர்ப்பை மாற்றி விடுதலை செய்தது. கட்டட அனுமதி செல்லாது என்பது ஒரு விஷயம். அனுமதி கொடுத்தவர்கள் குற்றம் செய்தார்களா என்பது வேறு விஷயம். சட்டம் இரண்டையும் தனித்தனியாக நிறுத்துப் பார்த்தது.

இந்த இரண்டு தேதிகளுக்குள் முதலாவதை மறக்க முடியாது. பிப்ரவரி 2-ஆம் தேதி தண்டனைச் செய்தி பரவியதும் பல ஊர்களில் கலவரம் மூண்டது. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக் கழகத்து மாணவிகள் கல்விச் சுற்றுலாவாக வந்த பஸ் ஒன்றைத் தருமபுரி அருகே கலவரக்காரர்கள் கொளுத்தினார்கள். மூன்று மாணவிகள் உள்ளேயே எரிந்து இறந்தார்கள். அந்தப் பெண்கள் கொடைக்கானல் ஹோட்டலின் பெயரைக்கூட யோசித்திருக்க மாட்டார்கள். தீ வைத்தவர்களுக்கு அந்த ஹோட்டலின் மாடியைப் பற்றியோ மலையைப் பற்றியோ என்ன கவலை? கொளுத்தியவர்களே குற்றவாளிகள், கட்டட விதி அல்ல. இருந்தாலும், எங்கோ ஒரு மலைச் சரிவில் விதியை மீறிப் போட்ட தளத்தைப் பற்றிய வழக்கு, இருநூறு மைலுக்கு அப்பால் மூன்று வீடுகளில் விளக்கை அணைக்கும் நாளுக்கு வந்து சேர்ந்தது என்பதைச் சரித்திரம் எழுதுகிறவன் எழுதாமல் விட முடியாது.

* * *

இவ்வளவு பெரிய கதையில் கண்டிராக்டர் எங்கே போனார் என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மேலே இருப்பவர்கள் உத்தரவு போடுகிறார்கள், ரத்து செய்கிறார்கள். நடுவே, சிமெண்டு வாங்கி, ஆள் பிடித்து, தளம் போட்டவருக்குக் கூலி உண்டா, இல்லையா?

இதற்கு 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70-வது பிரிவைப் பார்க்க வேண்டும். ஒருவன் மற்றொருவனுக்கு இனாமாக இல்லாமல் ஒரு வேலையைச் சட்டப்படி செய்து, மற்றவன் அதன் பலனை அனுபவித்தால், அனுபவித்தவன் ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. இதைப் பற்றிய பிரபலமான வழக்கு வங்காளத்திலிருந்து வந்தது. 1944-ஆம் ஆண்டு, பஞ்சத்தை அடுத்த காலம். உணவு வழங்கும் இலாகாவுக்காக மண்டல் என்கிற கம்பெனியார், அதிகாரி ஒருவர் கேட்டதன் பேரில் கிடங்குகளும் கொட்டகைகளும் கட்டிக் கொடுத்தார்கள். சர்க்கார் அவற்றை உபயோகித்தது. பணம் கேட்டபோது, "முறைப்படி ஒப்பந்தம் எழுதவில்லையே, கேட்ட அதிகாரிக்கு அதிகாரமே கிடையாதே" என்று கையை விரித்தது. வழக்கு பல ஆண்டுகள் படி ஏறி, 1961-ஆம் ஆண்டின் இறுதியில் சுப்ரீம் கோர்ட்டில் தீர்ந்தது. வேண்டாம் என்றால் அப்போதே மறுத்திருக்கலாம். ஏற்றுக்கொண்டு அனுபவித்த பிறகு பணம் கொடுக்கத்தான் வேண்டும் என்று கோர்ட் சொல்லிற்று.

கண்டிராக்டர்களுக்குக் குளிர்ச்சியான தீர்ப்புத்தான். ஆனால் அந்தப் பிரிவில் "சட்டப்படி" என்று ஒரு சின்னச் சொல் இருக்கிறதே, அதைக் கவனிக்க வேண்டும். அதே சட்டத்தின் 23-வது பிரிவு, சட்ட விரோதமான காரியத்துக்காகச் செய்த ஒப்பந்தம் செல்லாது என்கிறது. அனுமதி இல்லாத மாடியைக் கட்டிக் கொடுத்துவிட்டு, அதற்குக் கூலி வரவில்லை என்று கோர்ட் வாசலில் நிற்கும் கண்டிராக்டருடைய நிலைமை சங்கடமானது. கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் சனிக்கிழமை கூலியை அவர் கொடுத்தாக வேண்டும். வீட்டுக்காரரோ, "நோட்டீஸ் வந்துவிட்டதே, எப்படிப் பணம் தருவேன்?" என்பார். ஆகையால், வேலை தொடங்கும் முன் அனுமதித் தாளைக் கண்ணால் பார்க்க வேண்டிய அக்கறை வீட்டுக்காரரை விடக் கண்டிராக்டருக்கே அதிகம்.

மலை வீட்டைப் புதுப்பிப்பதில் வரும் தகராறுகளை நெருங்கிப் பார்த்தால், அங்கேயும் மூன்றாவது கட்சி ஒளிந்திருப்பது தெரியும். ஓர் உதாரணம் சொல்கிறேன். சரிவில் வீடு கட்டினால் மண் சரியாமல் இருக்கத் தாங்குசுவர் எழுப்புவார்கள். அந்தச் சுவரில் வரிசையாகத் துளைகள் விட வேண்டும். மழைக் காலத்தில் மண்ணுக்குள் இறங்கும் நீர் அந்தத் துளைகள் வழியாக வெளியேறும். துளை இல்லாவிட்டால் நீர் சுவருக்குப் பின்னால் தேங்கும், மண் கனக்கும், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் ஓர் இரவு சுவர் வயிறு தள்ளிச் சாயும். எங்கே சாயும்? வீட்டுக்காரர் வீட்டின் மேலும் இல்லை, கண்டிராக்டர் வீட்டின் மேலும் இல்லை. கீழ்ச் சரிவில் இருப்பவர் வீட்டின் மேல் சாயும்! துளைக்கு ஆன குழாய்ச் செலவு யாருடையது என்று மேலே இரண்டு பேர் வாதாடிக்கொண்டிருந்தபோது, கீழே இருந்தவரை ஒருவரும் கேட்கவில்லை.

பழைய பங்களாச் சுவர்களின் சமாசாரமும் இப்படித்தான். கருங்கல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் வைத்துக் கட்டிய சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அதன் மேல் சீக்கிரம் முடியுமே என்று சிமெண்டைப் பூசினால், ஈரம் உள்ளேயே அடைபட்டுவிடும். ஆறு மாதத்தில் பூச்சு பொரிந்து உதிரும். வீட்டுக்காரர் வேலை மோசம் என்பார். கண்டிராக்டர் சுவர் மோசம் என்பார். இரண்டு பேரும் சுவரைக் கேட்காமல் செய்த தப்பு அது.

இந்தச் சண்டைகளைத் தவிர்க்க அனுபவசாலிகள் கைக்கொள்ளும் வழிகள் எல்லாம் எளிமையானவை. முன்பணத்தைக் குறைவாக வைத்துக்கொண்டு, வேலை ஏற ஏறப் பணம் கொடுப்பது. மூடிவிடும் வேலையை மூடுவதற்கு முன்பே இரண்டு பேருமாக அளந்து எழுதிக்கொள்வது. அஸ்திவாரத்தை மூடின பிறகு அதன் ஆழத்தைப் பற்றி வாதாடினால் யார் சாட்சி? எஸ்டிமேட்டில் இல்லாத வேலை வந்தால், அன்றைக்கே ஒரு தாளில் தொகை எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவது. கடைசியில் ஒரு பங்கை நிறுத்தி வைத்து, ஒரு மழைக் காலம் கழிந்த பிறகு கொடுப்பது. மலையில் இந்தக் கடைசி ஏற்பாடுதான் உத்தமம். வடகிழக்கு மழையைப் போல் கண்டிப்பான பரிசோதகர் கிடையாது.

* * *

ஹோட்டல் வழக்கோடு மலை நகரம் திருந்திவிட்டதா என்றால், இல்லை. 2019-இல் ஹைகோர்ட் உத்தரவின்படி கொடைக்கானல் நகராட்சி, அனுமதி மீறிய வணிகக் கட்டடங்களுக்கு ஒவ்வொன்றாக முத்திரை வைத்தது. மீறிய கட்டடங்களின் கணக்கு ஆயிரத்தைத் தாண்டியது. அவற்றில் பல, குடியிருக்கும் வீடு என்று அனுமதி வாங்கி, விடுதியாக மாறியவை. நாலு பேர் இருக்கும் வீட்டுக்குக் கணக்குப் பண்ணிய தண்ணீரும் சாக்கடையும், சீஸனில் நாற்பது பேருக்கு எப்படிப் போதும்? அதே சமயத்தில், முத்திரை விழுந்த விடுதிகளில் வேலை பார்த்தவர்கள், கடன் வாங்கி முதல் போட்டவர்கள் எல்லோரும் தெருவில் நின்றார்கள் என்பதும் உண்மை. அனுமதி பெறுவது எளிதாகவும் சீக்கிரமாகவும் நடந்திருந்தால் இவர்களில் எத்தனையோ பேர் நேர் வழியிலேயே போயிருப்பார்கள். அலுவலகத்தின் தாமதம் மீறுகிறவர்களுக்குச் சாக்காகிறது. மீறுகிறவர்களின் கூட்டம் அலுவலகத்தின் தாமதத்துக்குச் சாக்காகிறது.

தாமதமாகக் கிடைக்கும் நீதிக்கு என்ன விலை என்று வெளியூர்களும் காட்டியிருக்கின்றன. கொச்சிக்கு அருகே மரடு என்ற இடத்தில் கடலோர விதியை மீறிய நாலு அடுக்குமாடித் தொகுதிகளை 2020 ஜனவரியில் வெடி வைத்துத் தகர்த்தார்கள். விதியை மீறியவர்கள் கட்டினவர்கள். வீட்டை இழந்தவர்கள் வாங்கிக் குடியிருந்தவர்கள். டில்லிக்குப் பக்கத்து நொய்டாவில் ஏறக்குறைய 100 மீட்டர் உயர இரட்டைக் கோபுரங்கள் 2022 ஆகஸ்ட் 28-ஆம் தேதி சில விநாடிகளில் புழுதியாயின. அந்த வழக்கைத் தொடுத்தவர்கள் யார் தெரியுமா? அடுத்த கட்டடத்தில் குடியிருந்தவர்கள்! வெளிச்சமும் காற்றும் போகிறதே என்று வழக்குத் தொடுத்த அண்டை வீட்டார்.

மலைக் கிராமங்களில் இன்றைக்கு வீடு கட்ட விண்ணப்பிக்கிறவர், வனத் துறை, வேளாண்மைப் பொறியியல் துறை, புவியியல் சுரங்கத் துறை ஆகியவற்றின் கருத்தைப் பெற வேண்டும். "ஒரு கூரைக்கு இத்தனை கச்சேரியா!" என்று மனிதர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். அலுப்பு நியாயமானதே, அந்தக் காகிதங்கள் மேஜை மேஜையாகத் தூங்குவது அதைவிட அநியாயம். ஆனாலும் அந்த மூன்று துறைகளும் யாருக்காகப் பேச வந்தவை என்று நினைத்துப் பார்க்கலாம். ஒன்று மரத்துக்காக, ஒன்று மண்ணுக்காக, ஒன்று பாறைக்காக. வாய் இல்லாத அண்டை வீட்டாருக்கு வக்கீல் வைத்த மாதிரிதான்.

அதற்குப் பிறகும் ஒருவரைக் கேட்க வேண்டியிருக்கிறது. அவர் நம் தாங்குசுவருக்குக் கீழே குடியிருப்பவர். அவரைக் கேட்பதற்குப் படிவம் கிடையாது, கட்டணமும் கிடையாது. கண்டிராக்டரையும் கூட அழைத்துக்கொண்டு, மழைக்கு முன்னால் ஒரு நாள் சரிவில் இறங்கிப் போய்க் கதவைத் தட்டினால் போதும்.